‘உபரி நீர்’ என்பது யார் கணக்கு?

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் பூண்டி ஏரியின் மதகுகள் திறக்கப்படும். மறுநாள் பத்திரிகைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும். ‘உபரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்பதே அது. வாசகர்கள் இதனைப் பலமுறை படித்திருப்பீர்கள். படித்துவிட்டுப் பெருமூச்சும் விட்டிருப்பீர்கள். திட்ட அறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும்கூட இவ்வாக்கியம் ஓர் இயற்கை விதியைப் போல வழங்கிவருகிறது. இதிலுள்ள ‘உபரி’, ‘வீண்’ என்னும் இரு சொற்களையும் அறிவியல் ஏற்குமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரையுள்ள பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொழிற்பேட்டைகளும், நெல் வயல்களும், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும் பகுதி அது.

நம் ஏரிகளுக்குக் கலங்கல் என்று ஓர் அமைப்பு உண்டு. ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலங்கல் வழியே வழிந்து கால்வாயில் இறங்கும். அக்கால்வாய் எங்கே போகிறது? அடுத்த ஏரிக்குப் போகிறது. மேல் ஏரியின் மிகுதியே கீழ் ஏரியின் வரத்து. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகளில் ‘உபரி’ என்ற சொல்லுக்கு நின்று பார்க்கும் இடத்தைப் பொறுத்துத்தான் பொருள் உண்டு. மேல் ஊர்க்காரனுக்கு உபரியானது கீழ் ஊர்க்காரனுக்கு முதல். இயற்பியலில் வேகத்தைச் சொல்லும்போது எதனை ஒப்பிட்டு என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்வியை இங்கும் கேட்க வேண்டும்.

கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1940-ல் தொடங்கப்பட்டு 1944-ல் முடிந்தது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கிருந்து நீர் கால்வாய் வழியே சோழவரத்துக்கும் புழலுக்கும், அதன்பின் சென்னைக்கும் போகிறது. சென்னை வளர வளர இந்த நீர் போதவில்லை. ஆகவே ஆற்றில் கிடைக்காததை ஆற்றின் அடியில் தேடினார்கள். 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணியாறு–கொசத்தலையாறு படுகை ஆராயப்பட்டது. ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த மணல், கூழாங்கல் அடுக்குகளில் ஏராளமான நன்னீர் இருப்பது தெரியவந்தது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய மூன்று இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்றுப் புலங்கள் அமைந்தன. மூன்றுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் என்று திட்டமிட்டார்கள். மீஞ்சூர்க் கிணறுகளின் நீர், அக்காலத்தில் மணலியில் புதிதாக எழுந்த தொழிற்சாலைகளுக்குச் சென்றது. மீஞ்சூரோ கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது.

கடலுக்கு ஒரு பங்கு

இங்கே சற்று நின்று ஒரு சோதனையைக் கவனிப்போம். கல்லூரியில் U வடிவக் குழாயை வைத்து ஆண்டுதோறும் செய்துகாட்டும் எளிய சோதனைதான். குழாயின் ஒரு புயத்தில் கடல்நீரும் மறு புயத்தில் நன்னீரும் ஊற்றுகிறோம். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அதிகம். எனவே 40 செ.மீ. உயரக் கடல்நீரைச் சமன்செய்ய 41 செ.மீ. நன்னீர் வேண்டும். அந்த ஒரு செ.மீ. வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோர நிலத்தடியிலும் இதே நிகழ்ச்சிதான் நடைபெறுகிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீர் நெருங்காமல் அது தாங்கி நிற்கும். நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறைத்துவிட்டால், அடியிலிருந்து 40 மீட்டர் உப்புநீர் எழும்பிவர வழி திறக்கிறது. 1880-களில் டச்சுப் பொறியாளர் கைபெனும், 1901-ல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. இது அசையாத நீருக்குரிய கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையில் நன்னீர் அசைந்துகொண்டேயிருக்கிறது. மெல்ல மெல்லக் கடலை நோக்கி ஊர்ந்து சென்று கடலடியில் கசிகிறது. அந்த ஊர்தலே கடலைத் தடுத்து நிறுத்தும் கை. அது நின்றால் கடல் உள்ளே வரும்.

இப்போது ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்ற சொற்றொடரை மறுபடியும் படித்துப் பாருங்கள். கடலுக்குப் போகும் நீரில் ஒரு பங்கு வீணன்று. அது காவல் கூலி. ஆற்றில் ஓடி முகத்துவாரத்தை அடையும் வெள்ளமும், வழியில் மணலில் இறங்கி இந்தக் கூலியைச் செலுத்திவிட்டே போகிறது. பெருவெள்ளம் முழுவதையும் தேக்காமல் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தேக்கலாம், எவ்வளவு விட வேண்டும் என்ற கணக்கில் கடலோரத்தானின் கிணறும் ஓர் எண்ணாக இடம்பெற வேண்டும் என்கிறேன். நம் நாட்டில் நிலத்தடி நீர்வளத்தை மதிப்பிடும் அரசு முறையில், வேறு அளவீடு இல்லாத இடத்தில், ஆண்டு நீரூட்டத்தில் 5 அல்லது 10 சதவிகிதத்தை இயற்கைக் கசிவுக்கென்று ஒதுக்கிவிட்டு மீதியை இறைக்கத் தக்கது என்று கொள்கிறார்கள். உள்நாட்டுக்கு அது போதுமானதாக இருக்கலாம். கடலை அண்டிய மணற்படுகைக்கும் அதே விகிதம் என்றால், அது வசதிக்காக வைத்துக்கொண்ட எண்ணே தவிர அளந்து கண்ட எண் அன்று.

மீஞ்சூரில் நடந்தது என்ன? கிணற்றுப் புலம் தொடங்கிய காலத்தை ஒட்டி, உப்புநீரின் எல்லை கடற்கரையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் இருந்தது. 1980-களின் நடுவில் அது ஒன்பது கிலோமீட்டரை எட்டியது. பின்னர் அதனையும் தாண்டிற்று. சராசரியாக ஆண்டுக்குச் சில நூறு மீட்டர்! உப்பு எவ்வளவு கலந்தால் நீர் கெடும் என்பதையும் பார்த்துவிடலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க அளவாகக் கொள்வது 250 மில்லிகிராம். நூறு குடம் நல்ல நீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே இந்த அளவு கடந்துவிடும். ஐந்து குடத்தில், வேறு நீரே இல்லாத நிலையில் பொறுத்துக்கொள்ளத் தக்க உச்ச அளவான 1,000 மில்லிகிராமையும் நெருங்கிவிடுவோம்.

முழுப் பழியையும் நகரக் கிணறுகளின் மேல் போடுவது நேர்மையாகாது. அப்பகுதி உழவர்களும் பம்பு செட்டு வைத்து நெல்லுக்கு இறைத்தார்கள். ஆற்று மணல் அள்ளியவர்களும் தம் பங்கைச் செய்தார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உழவனின் இறைப்பை யாரும் திட்டமிடவில்லை. நகரத்தின் இறைப்பு திட்டமிடப்பட்டது, பன்னாட்டு வல்லுநர்களின் ஆய்வோடு. திட்டமிட்டதைத்தான் விமரிசனம் செய்ய முடியும்.

ஒப்புதல் யாருடையது?

1987-ல் வெளியான தேசிய நீர்க் கொள்கை நீரை எவ்வரிசையில் ஒதுக்க வேண்டும் என்று சொன்னது. முதலில் குடிநீர், பிறகு பாசனம், பின் நீர்மின்சாரம், நீர்வழிப் போக்குவரத்து, கடைசியில் தொழில்களும் பிறவும். 1969-ல் இப்படி ஒரு வரிசை எழுதப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் மீஞ்சூரை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். கடைசி இடத்துக்குரிய ஆலைகளுக்காக, முதலிரண்டு இடங்களுக்குரிய ஊர்களின் குடிநீரும் பாசனமும் உவர்ப்பாயின. ஆலைகளுக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் சென்னையின் கழிவுநீரை வாங்கித் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தத் தொடங்கின. 2019 முதல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு முறையில் சுத்திகரித்து வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் இயங்குகிறது. நல்ல வேலை, மனமாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் நன்னீர்க் கிணறு கெட்ட பிறகே கழிவுநீர் நினைவுக்கு வந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம். 2012-ல் வந்த தேசிய நீர்க் கொள்கையில் பழைய வரிசை காணப்படவில்லை. குடிநீர், உணவுப் பாதுகாப்பு போன்ற அடிப்படைத் தேவைகளுக்குப் போக மீந்ததைப் பொருளாதாரப் பண்டமாகக் கருதலாம் என்று அது கூறுகிறது. மீண்டும் ‘மீந்தது’! மீந்ததா என்று பார்த்துச் சொல்வது யார்?

2000-க்குப் பின் வறட்சி ஆண்டுகளில் குடிநீர் வாரியம் இப்படுகையின் உழவர்களிடமிருந்தே கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. கிணற்றுக்காரர் விரும்பி விற்றார். வாரியம் பணம் கொடுத்தது. இதில் கட்டாயம் எங்கே என்று கேட்கத் தோன்றும். சட்டமும் அவர் பக்கமே. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ள நிலவுடைமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு கிணற்றில் பம்பு ஓடும்போது சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவில் சரிகிறது. பக்கத்து வயலின் நீரும், ஊர்ப் பொதுக் கிணற்றின் நீரும் அந்தப் புனலுக்குள் வழிகின்றன. மணலின் ஊடே நீர் எவ்விதிப்படி நகரும் என்பதை, பிரான்சில் திஷோன் நகரக் குடிநீர்த் திட்டத்தை அமைத்த தார்சி 1856-லேயே எழுதிவிட்டார். அதற்கு 26 ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் அவரைப் படித்ததாகத் தெரியவில்லை. விற்றவர் தம் நீரை மட்டும் விற்கவில்லை. நிலமே இல்லாத கூலித் தொழிலாளியின் குடிநீரையும், வயல் தரிசானதால் அவருடைய வேலையையும் சேர்த்தே விற்றார். அத்தொழிலாளியின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. 2004-ல் திருவள்ளூரை அடுத்த வெள்ளியூரில், நீர் நகரத்துக்குப் போவதை எதிர்த்து ஊரார் போராட்டத்தில் இறங்கியது இதனால்தான்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-ல் வந்தது. நகரைச் சுற்றியுள்ள சுமார் 300 கிராமங்களும் அதன் பட்டியலில் உண்டு. அனுமதி தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் கையில். கிராமத்தின் கையில் அன்று. மாநிலம் முழுமைக்குமாக 2003-ல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம் செயலுக்கு வராமலேயே 2013-ல் நீக்கப்பட்டது.

நகரத்தின் பக்கத்தையும் பார்ப்போம். 2003–04 வறட்சியையும், ஏரிகள் வறண்டு லாரிக்காக மக்கள் இரவெல்லாம் குடங்களோடு காத்திருந்த 2019 கோடையையும் யாரும் மறந்திருக்க முடியாது. வடசென்னையில் குடம் பிடித்த பெண்ணின் தாகம் உண்மையானது. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. மக்களாட்சி என்பது தலைகளை எண்ணுவது மட்டும் என்றால், நகரம் எப்போதும் வெல்லும். ஒரு கோடிப் பேருக்கு முன் சில நூறு ஊர்கள் எம்மாத்திரம்? எண்ணிக்கையில் தோற்றவனிடமிருந்தும் எடுக்கக் கூடாதது ஒன்று உண்டு என்று சொல்வதுதான் மனித உரிமை. 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசற்ற நீரைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. 2010 ஜூலை 28-ல் ஐ.நா. பொதுச்சபை நீரையும் துப்புரவையும் மனித உரிமை என்று அறிவித்தது. ஆதரவு 122, எதிர்ப்பு இல்லை, நடுநிலை 41. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

ஆனால் உரிமை மட்டும் போதுமா? தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. உவர்க்கும் கிணறு மீஞ்சூரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே செய்தி போக ஒரு வழி வேண்டும். சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தல்களும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நிகழ்வதில்லை என்று அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியிருக்கிறார். பட்டினியின் செய்தி ஆட்சியாளரை உடனே எட்டிவிடுகிறது. எட்டியபின் சும்மா இருக்க அவர்களால் முடிவதில்லை. உப்புநீர் அப்படிப்பட்டதன்று. ஐந்தாண்டுத் தேர்தல்களுக்கிடையே ஓரிரு கிலோமீட்டர் நகர்கிறது. தலைப்புச் செய்தியாவதற்கு அதற்குப் போதிய வேகம் இல்லை. முதலில் அறிபவர் கிணற்றில் நீர் சேந்தும் பெண். பருப்பு வேகவில்லை என்பதே அவருடைய அளவீடு. அந்த அளவீடு அறிக்கையில் ஏறுவதற்கு இடமில்லாத திட்டம், மக்களாட்சியில் மட்டுமன்று, அறிவியலிலும் குறையுடையது. முதலில் துடிக்கும் கருவியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வைத்துவிட்டு அளப்பதற்கு அது ஒப்பாகும்.

ஐ.நா. தீர்மானம் வந்த மூன்றாம் நாள், 2010 ஜூலை 31 அன்று, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். மண்ணுக்கடியில் ஊர்ந்து மீஞ்சூர்க் கிணறுகளுக்குள் வந்த அதே கடலின் நீரை, மீஞ்சூரின் பெயராலேயே உப்பு நீக்கி நகரத்துக்கு அனுப்புகிறோம்! கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் வளியழுத்தத்தைப் போல 27 மடங்கு இருக்கும். அதற்கு மேல் அழுத்தினால்தான் நன்னீர் சவ்வைக் கடக்கும். நடைமுறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. எடுத்த நீரில் பாதிக்கும் மேல் செறிந்த உப்புநீராகக் கடலுக்கே திரும்புகிறது. மழை இதே வேலையைச் சூரியன் செலவில் செய்து தருகிறது.

தேர்வாய் கண்டிகை

‘உபரி’க்கு உடன்பிறந்த சொல் ஒன்று வருவாய்த்துறையில் உண்டு: ‘புறம்போக்கு’. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு, புதிய சிப்காட் தொழிற்பேட்டைக்கென ஒதுக்கப்பட்டது. 2009-ல் மிஷ்லின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊரில் பெரும்பாலோர் தலித் மக்கள். காகிதத்தில் அது யாருக்கும் பட்டா இல்லாத நிலம். ஊராருக்கோ மாடு மேயுமிடம், விறகும் மூலிகையும் கிடைக்குமிடம், எல்லாவற்றுக்கும் மேலாக ஏரிகளுக்கு மழைநீரை இறக்கும் நீர்ப்பிடிப்பு. மரமும் புதரும் உள்ள சரிவில் விழும் மழை பகுதி ஊறி, பகுதி மெதுவாக வழிந்து ஏரிக்கு வரும். சமன்படுத்திக் கூரையும் தார்ச்சாலையும் போட்டபின் அதே மழை சில மணி நேரத்தில் ஓடிவிடும். ஊரார் போராடினார்கள், நீதிமன்றம் சென்றார்கள், 2012-ல் பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி நிறுவனத்தின் பிரெஞ்சுத் தொடர்பு அலுவலகம் வரை முறையீடு போயிற்று. ஆலை எழுந்தது. வேலைவாய்ப்பும் தேவைதான். ஆனால் ஓர் ஊர் தன் ஏரியின் வரத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பாரிஸ் வரை போக வேண்டியிருந்தது என்பதை எந்த வளர்ச்சிக் கணக்கில் எழுதுவது?

அதே ஊரின் பெயரை இன்னொரு முறையும் கேட்டோம். கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 2020 நவம்பரில் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. சென்னையின் குடிநீருக்கு அது ஐந்தாவது ஏரி. மேய்க்கால் ஆலைக்கு, ஏரி நகரத்துக்கு! இரண்டும் தனித்தனி அலுவலகங்களில், தனித்தனிக் கோப்புகளில் முடிவானவை. இரண்டையும் ஒன்றாக அனுபவித்தவர்கள் அவ்வூர் மக்கள்.

தொழிற்பேட்டைகளைப் பொறுத்தவரை மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைகளுக்குள் அமையும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. பேட்டைக்கு ஒருமுறை கேட்டாயிற்று, உள்ளே வரும் ஒவ்வோர் ஆலைக்கும் எதற்கு என்பது இதன் தருக்கம். நீரியல் இந்தத் தருக்கத்துக்கு இணங்காது. பேட்டையில் எந்த ஆலை வரும், எவ்வளவு இறைக்கும், எதை வெளியேற்றும் என்று தெரியாத நாளில் கேட்ட கேள்விக்கு யார் என்ன விடை சொல்ல முடியும்?

1992-ல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் பதினோராவது அட்டவணையைச் சேர்த்தது. ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க 29 துறைகளில் மூன்றாவது சிறுபாசனம், நீர் மேலாண்மை, பதினோராவது குடிநீர். தமிழ்நாட்டில் உலக நீர் நாளான மார்ச் 22-லும் கிராம சபை கூடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கிராம சபைக்கு முன் எண்கள் வைக்கப்படாவிட்டால் அது வாழ்த்துரைக் கூட்டமாகவே முடியும். நிலத்தடி நீர் மதிப்பீடு இப்போது குறுவட்ட வாரியாகச் செய்யப்படுகிறது. இறைக்கத் தக்க நீரில் 70 சதவிகிதம் வரை இறைத்தால் பாதுகாப்பு, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் மிகைச் சுரண்டல். இந்த எண், ஆங்கில அறிக்கையில் ஒரு பட்டியலின் நடுவே கிடக்கிறது. அருகிலுள்ள தொழிற்பேட்டை எவ்வளவு எடுக்கிறது, ஊர் எவ்வளவு எடுக்கிறது என்று அது பிரித்துச் சொல்வதுமில்லை. ஆரணியாற்றில் பாலேஸ்வரத்தில் தடுப்பணை கட்டியபின் சுற்றுக் கிணறுகளில் நீர் தேறியதை ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அத்தகைய அளவீடும் ஊராருக்கு உரியதே.

மாணவ வாசகர்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. ஒரு கயிறு, ஒரு எடை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தீபாவளிக்கு முன்னும், பொங்கலுக்குப் பின்னும், மே மாதத்திலும் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, கடல்மட்டத்திலிருந்து ஊரின் உயரத்தோடு ஒப்பிடலாம். கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு குளோரைடைக் கணக்கிடுவது பாடத்திட்டத்திலேயே உள்ள சோதனை. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து மாணவர்கள் அதற்குத் தேவையான நீரை ஆய்வுக்கூடக் குழாயில் பிடிக்காமல் தம் வீட்டுக் கிணற்றிலிருந்து கொண்டுவரட்டும். கிடைக்கும் எண்ணைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, மார்ச் 22 கூட்டத்தில் படிக்கச் சொல்லலாம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.